வயதாகிவிட்டது என்றார்கள், நானும் நம்பினேன்: அம்மாவின் ஐந்து மாதங்கள்

2023 மார்ச் மாதம் வரை என் அம்மா காலையில் நாளிதழில் வரும் எண் புதிரைப் பேனாவால் நிரப்பி முடித்த பிறகுதான் காபி கேட்பார். அப்போது அவருக்கு வயது 76. அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவர். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள் என்னைப் பார்த்து, "நீ எந்த வகுப்பு?" என்று கேட்டார். இந்த இரண்டுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதை நான் புரிந்துகொள்வதற்கு ஐந்து மாதங்களும் மூன்று லட்சத்து அறுபதாயிரம் ரூபாயும் ஆயின. நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை, அப்பாவும் இல்லை. கலந்து பேச ஆளின்றித் தனியாக முடிவெடுக்க வேண்டியிருந்த அந்த நாட்களில் யாராவது எனக்கு இதையெல்லாம் சொல்லியிருந்தால் அம்மா இவ்வளவு பட்டிருக்கமாட்டார் என்று இன்றும் தோன்றுவதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் பத்து ஆண்டுகளாக இரத்தக் கொதிப்பு உண்டு. ஆம்லோடிபின் 5 மில்லிகிராம் மாத்திரை ஒன்றுதான் சாப்பிட்டு வந்தார். பிப்ரவரியில் இரத்த அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருந்ததால், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் மாத்திரையை 10 மில்லிகிராமாக உயர்த்தினார். மார்ச் இறுதியில் இரண்டு கணுக்கால்களும் வீங்கத் தொடங்கின. சாயங்காலம் விரலால் அழுத்தினால் குழி விழும். அதைக் காட்டப் போனபோது, வயதானால் கால் வீங்கத்தான் செய்யும், காலைத் தொங்கவிட்டு உட்காராதீர்கள் என்று சொல்லி ஒரு நீர் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். ஏப்ரல் 11ஆம் தேதி அது தொடங்கியது. ஆம்லோடிபினின் அளவு கூடும்போது கால் வீங்குவது அந்த மருந்துக்கு மிகவும் தெரிந்த ஒரு பக்க விளைவு என்பதும், நீர் மாத்திரை அந்த வீக்கத்தைப் பெரிதாகக் குறைப்பதில்லை என்பதும் எனக்கு ஆகஸ்ட் மாதத்தில்தான் தெரிந்தது. ஒரு மருந்தின் விளைவைப் புது நோய் என்று எடுத்துக்கொண்டு அதற்கு இன்னொரு மருந்து கொடுப்பதும், இரண்டாவது மருந்தின் விளைவுக்கு மூன்றாவது மருந்து கொடுப்பதும் முதியவர்களிடம் அடிக்கடி நடக்கிறது. அப்படி ஒரு சங்கிலியின் முதல் கண்ணியை அன்று நானே மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்கி வந்தேன்.

மே மாதத் தொடக்கத்தில் அம்மாவுக்குப் பசி குறைந்தது. எழுந்தால் தலை சுற்றியது, நாள் முழுவதும் அசதி. வெயில் காலம் என்பதால் நான் வற்புறுத்தித் தண்ணீர் குடிக்க வைத்தேன், இரத்தக் கொதிப்பு இருக்கிறதே என்று கஞ்சியில் உப்பையும் குறைத்தேன். தயசைடு வகை நீர் மாத்திரை உடலிலிருந்து சோடியத்தை வெளியேற்றும், அந்த மாத்திரை சாப்பிடுகிறவர் அதிகமாகத் தண்ணீர் குடித்து, குறைவாகச் சாப்பிட்டு, உப்பையும் குறைத்தால் இரத்தத்தில் சோடியத்தின் அளவு இன்னும் வேகமாக இறங்கும் என்பது எனக்குத் தெரியாது. வயதான, மெலிந்த பெண்களுக்கு இந்த ஆபத்து மிகவும் அதிகம் என்பதும் தெரியாது. அன்போடு செய்தேன் என்பது உண்மை, ஆனால் அந்த நினைப்பு எனக்கு ஆறுதல் தரவில்லை. மே கடைசியில் இரவு தூக்கம் போனது. நள்ளிரவில் எழுந்து விடைத்தாள் கட்டு எங்கே என்று தேடுவார், காலையில் பார்த்தால் தெளிவாக இருப்பார், மாலையில் மீண்டும் குழம்புவார். மருத்துவரிடம் சொன்னபோது அவர் அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, இந்த வயதில் இதெல்லாம் சகஜம் என்றார். அம்மா நாற்காலியில் கைகளை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் அன்று யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

இந்த இடத்தில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். மறதி நோய் பெரும்பாலும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வருவது. சில நாட்களிலோ இரண்டு மூன்று வாரங்களிலோ வந்து, காலையில் ஒரு மாதிரியும் மாலையில் வேறு மாதிரியுமாக ஏறி இறங்கும் குழப்பம் வேறு. மருத்துவர்கள் அதை டெலிரியம் என்கிறார்கள். உடலில் எங்கோ ஒரு கோளாறு இருக்கிறது என்பதற்கான அறிகுறி அது. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியக் குறைவு, சர்க்கரை இறங்குதல், நீண்ட நாள் மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, புதிதாகத் தொடங்கிய மருந்து, கீழே விழுந்து சில வாரங்களுக்குப் பிறகு மூளையைச் சுற்றிக் கசியும் இரத்தம் என்று எதுவும் காரணமாக இருக்கலாம். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். அதனால் யாராவது "வயதாகிவிட்டது" என்று சொன்னால், இது எந்தத் தேதியில் தொடங்கியது, அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் என்ன மாறியது என்ற இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். எண் புதிர் போட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கு ஆறே வாரத்தில் வயதாகிவிடாது. இதை நான் மே மாதமே கேட்டிருக்க வேண்டும்.

ஜூன் 9ஆம் தேதி அம்மா குளியலறையில் விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று நாள் வைத்திருந்து எக்ஸ்ரே, மூளைக்கு சிடி ஸ்கேன், சர்க்கரை, இரத்த அணுக்கள், கிரியாட்டினின் எல்லாம் பார்த்தார்கள். சோடியம் மட்டும் பார்க்கவில்லை. ஸ்கேனில் மூளை சற்றுச் சுருங்கியிருப்பதாக எழுதியிருந்தது. 76 வயதில் பெரும்பாலான ஸ்கேன்களில் அப்படித்தான் எழுதியிருக்கும் என்று பின்னால் அறிந்தேன். அன்றோ அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இது மறதி நோயின் தொடக்கம் என்று சொல்லி, ஞாபகத்துக்கு ஒரு மாத்திரையும் இரவில் அடங்கியிருக்க ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள். செலவு 41,300 ரூபாய். நான் வண்டியில் வரும்போதே அழுதேன். வீட்டுக்கு வந்த உறவினர்கள், இனி பழைய அம்மாவைத் தேடாதே, வயதான காலத்தில் எதற்கு மருத்துவமனைக்குக் கொட்டிக் கொடுக்கிறாய் என்றார்கள். அம்மாவும் ஒரு தெளிவான காலை வேளையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு வயசாயிடுச்சும்மா, விட்டுடு" என்றார். மருத்துவரும் உறவும் நோயாளியும் ஒரே சொல்லைச் சொல்லும்போது அதை மறுத்துப் பேச ஒருவருக்கு எங்கிருந்து தைரியம் வரும்? எனக்கு வரவில்லை. ஆறு வாரம் அவரை மறதி நோயாளியாகவே நடத்தினேன். கதவைப் பூட்டினேன், பேனாவை எடுத்து ஒளித்து வைத்தேன், அவர் முன்னாலேயே அவரைப் பற்றி மற்றவர்களிடம் பேசினேன். செலவழித்த பணத்தைவிட இதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. 1969ஆம் ஆண்டு ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மருத்துவர், வயதை வைத்து மனிதரைக் குறைவாக எடைபோடுவதற்கு ஏஜிசம் என்று ஒரு பெயர் வைத்தார், நிறவெறியையும் பாலினப் பாகுபாட்டையும் போன்ற ஒன்றே இதுவும் என்றார். அதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர்கள் மருத்துவர்கள் மட்டுமல்லர், பேனாவை ஒளித்து வைத்த நானும்தான்.

ஜூலை 24ஆம் தேதி காலையில் அம்மாவை எழுப்ப முடியவில்லை. இன்னொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் முதன்முறையாகச் சோடியம் பார்த்தார்கள். 135 முதல் 145 வரை இருக்க வேண்டிய இடத்தில் 118 இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து மெதுவாக ஏற்றினார்கள். மெதுவாக ஏற்றியது சரியானதுதான். பல நாட்களாகக் குறைந்திருந்த சோடியத்தை வேகமாக உயர்த்தினால் மூளை நரம்புகளுக்கு நிரந்தரச் சேதம் வரலாம் என்பதால் 24 மணி நேரத்தில் 8 முதல் 10 அலகுக்கு மேல் ஏற விடமாட்டார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் உப்புக் கரைசல் கொடுத்துச் சரிசெய்ய முயல வேண்டாம், மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம். எனக்கு அந்த மருத்துவமனையிடம் இருக்கும் வருத்தம் வேறு. உள்ளே அழைத்துச் செல்லும்போது அம்மாவின் செவிக்கருவி, மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம் மூன்றையும் ஒரு பாலிதீன் உறையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார்கள். காது கேட்காமல், முகங்கள் தெரியாமல், பகலா இரவா என்று புரியாத விளக்கொளியில் ஐந்து நாட்கள் படுத்திருந்தவரிடம் வந்து இது என்ன மாதம் என்று கேட்டார்கள், பதில் வரவில்லை என்று குறித்துக்கொண்டார்கள். சிறுநீர்க் குழாயைப் பிடுங்கப் பார்த்தார் என்று இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். நாளுக்கு இரண்டு முறை, பத்து நிமிடம்தான் என்னை உள்ளே விட்டார்கள். நான் பதற்றத்தில் அந்த உறையைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். செவிக்கருவியைப் போட்டுவிடுங்கள் என்று கேட்க வேண்டும் என்ற எண்ணம் மூன்றாம் நாள்தான் வந்தது. கேட்டதும் செவிலியர் ஒருவர் உடனே போட்டுவிட்டார். கேட்டால் செய்யக்கூடிய இடத்தில்தான் நான் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

ஆகவே முதியவர் ஒருவரைச் சேர்க்கும்போது செவிக்கருவி, கண்ணாடி, பல்செட் மூன்றும் அவரிடமே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுங்கள். படுக்கையிலிருந்து பார்த்தால் தெரியும்படி ஒரு கடிகாரமும் நாட்காட்டியும் வைக்க முடியுமா என்று கேளுங்கள். சிறுநீர்க் குழாய் போட்டால், அது இன்னும் தேவைதானா என்று தினமும் கேளுங்கள். கைகளைக் கட்டியிருந்தால், நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன், அவிழ்த்துவிடுங்கள் என்று வேண்டுங்கள். தெரிந்த குரல் பக்கத்தில் இருந்தால் குழப்பம் குறையும் என்பது மருத்துவம் ஏற்றுக்கொண்ட உண்மைதான், நீங்கள் சலுகை எதையும் கேட்கவில்லை.

ஜூலை 30ஆம் தேதி சோடியம் 127 என்று இருந்தபோது, இந்த வயதில் இதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கட்டணம் 1,94,600 ரூபாய். மருத்துவக் காப்பீடு இல்லை. அம்மாவுக்கு 67 வயதானபோது எடுக்க முயன்றேன், 65 கடந்தவர்களுக்கு இல்லை என்று முகவர் திருப்பி அனுப்பிவிட்டார். நகையை அடகு வைத்துக் கட்டினேன். டிஸ்சார்ஜ் சம்மரியில் பழைய மாத்திரைகள் எல்லாவற்றையும் தொடரவும் என்று எழுதி, அந்தப் பட்டியலில் அதே நீர் மாத்திரையும் இருந்தது. சோடியத்தை இறக்கிய மருந்தை, சோடியத்துக்காகச் சிகிச்சை கொடுத்த இடத்திலேயே மீண்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஏன் இறங்கியது என்று அங்கே யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. 50 வயதுக்காரர் ஒருவர் 118 சோடியத்தோடு வந்திருந்தால் காரணத்தைத் தேடாமல் அனுப்பியிருப்பார்களா என்று நான் இன்றும் எண்ணிப் பார்க்கிறேன். நானும் அந்தப் பட்டியலைப் படிக்காமல், சொன்னபடியே காலை எட்டு மணிக்கு மாத்திரையைக் கொடுத்தேன்.

பத்தே நாளில் அம்மா மீண்டும் சோர்ந்தார். இந்த முறை என்னைக் காப்பாற்றியவர் எங்கள் தெருவின் மருந்துக் கடைக்காரர். சீட்டை வாங்கிப் பார்த்தவர், "அக்கா, உப்புக் குறைஞ்சு படுத்தவங்களுக்கு இந்த மாத்திரையை நிறுத்தலையா?" என்று கேட்டார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டுங்கள் என்றும் சொன்னார். அப்படி ஒரு பிரிவு இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. இத்தனைக்கும் நாட்டிலேயே முன்னோடியாக 1978ஆம் ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவத்துக்குத் தனிப் பிரிவைத் தொடங்கியவர் பேராசிரியர் வ. செ. நடராசன். சென்னை மருத்துவக் கல்லூரியில் அதற்கென்று மேற்படிப்பு வந்ததும் கால் நூற்றாண்டுக்கு முன்பே. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் ஓடத் தெரிந்த நமக்கு, முதியோருக்கும் அப்படி ஒரு துறை உண்டு என்று தோன்றாததும் நம்முடைய அலட்சியம்தான்.

அங்கே இருந்த மருத்துவர் என்னைவிட வயதில் இளையவர். அவர் என்னைப் பேச விடவில்லை. நாற்காலியை அம்மாவுக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு, செவிக்கருவி வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்தார். என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டு, கணக்கு ஆசிரியை என்று தெரிந்ததும், "டீச்சர், உங்களுக்கு எது கஷ்டமாக இருக்கிறது?" என்றார். ஐந்து மாதத்தில் அவரைப் பாட்டி என்று அழைக்காத முதல் மருத்துவர் அவர்தான். அம்மா நெடுநேரம் யோசித்து, கால் தரையில் நிற்காத மாதிரி இருக்கிறது என்று சொன்னார். அதன்பிறகு வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் மேசைமேல் கொட்டச் சொன்னார். ஒன்பது வகை இருந்தன. ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் தொடங்கியது என்று கேட்டார். சீட்டுகளைப் பார்த்து நான் சொல்லச் சொல்ல அவர் ஒரு தாளில் கோடு போட்டு எழுதினார். பிப்ரவரியில் அளவு கூடியது, மார்ச்சில் வீக்கம், ஏப்ரலில் நீர் மாத்திரை, மே மாதம் குழப்பம், ஜூனில் விழுந்தது, ஜூனில் தூக்க மாத்திரை, ஜூலையில் மயக்கம். அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. எல்லாம் அந்தச் சீட்டுகளிலேயே இருந்திருக்கிறது, வரிசையாக அடுக்கிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

அன்று சோடியம் 121. வார்டில் ஆறு நாட்கள் வைத்திருந்து, நீர் மாத்திரையை நிறுத்தினார்கள், ஆம்லோடிபினைப் பழைய அளவுக்குக் குறைத்து வேறொரு மாத்திரையைச் சேர்த்தார்கள், இரவு மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார்கள். வெளியே செய்த ஓரிரு பரிசோதனைகளைத் தவிர எனக்குச் செலவே இல்லை. கட்டில் கிடைக்கக் காத்திருந்ததும், கூட்டமும், கழிவறையும் சிரமம்தான், அதை மறைக்கமாட்டேன். சோடியம் 134க்கு வந்த பிறகும் அம்மா உடனே தெளியவில்லை. இரத்தத்தில் அளவு சரியானாலும் மூளை தெளிய வாரங்கள் ஆகலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் நான் பயப்படவில்லை. செப்டம்பர் மூன்றாம் வாரம் ஒரு காலையில் நாளிதழை விரித்துவிட்டு என் பேனாவை யார் எடுத்தது என்று கேட்டார்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு மருந்தும் எந்தத் தேதியில், எதற்காக, யார் சொல்லித் தொடங்கியது, எப்போது அளவு மாறியது என்று அம்மாவின் கையெழுத்திலேயே இருக்கும். புதிதாக ஒரு மாத்திரை எழுதினால், இந்தத் தொந்தரவு ஏற்கெனவே சாப்பிடும் மருந்தால் வந்திருக்குமா, இதை எத்தனை நாள் சாப்பிட வேண்டும், எந்தப் பரிசோதனையை எப்போது பார்க்க வேண்டும் என்று கேட்கிறோம். நீர் மாத்திரை தொடங்கினால் ஓரிரு வாரத்தில் சோடியம், பொட்டாசியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் ஊரில் அதற்கு 350 ரூபாய். கிரியாட்டினின் இயல்பாக இருக்கிறது என்று சொன்னாலும் வயதையும் சேர்த்துக் கணக்கிட்டுச் சிறுநீரகத்தின் திறனைச் சொல்லும்படி கேளுங்கள். தசை குறைந்த முதியவருக்குக் கிரியாட்டினின் நன்றாக இருப்பதாகவே காட்டும், சிறுநீரகம் தளர்ந்திருக்கும். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் அவசரப்படாமல், பழைய மருந்துகளில் எது தொடர்கிறது, எது நிற்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு டிக் செய்துகொண்ட பிறகு கிளம்புங்கள். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதி. நான் அந்த விதியைச் சொல்லிக் கேட்ட பிறகுதான் இரண்டாவது மருத்துவமனை கோப்பின் நகலைத் தந்தது.

பணத்தைப் பொறுத்தவரை சில கதவுகள் இப்போது திறந்திருக்கின்றன. மருத்துவக் காப்பீடு எடுக்க 65 வயது என்ற வரம்பு 2024 ஏப்ரல் முதல் இல்லை. முன்பே இருக்கும் நோய்களுக்குக் காத்திருக்க வேண்டிய காலமும் அதிகபட்சம் மூன்று ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. மூத்தோருக்கு ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் பிரீமியத்தை ஏற்றுவதென்றால் நிறுவனங்கள் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தை முன்கூட்டியே கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பின்றி ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்ற மத்திய அரசின் திட்டம் 2024 அக்டோபர் 29இல் தொடங்கியது. உங்கள் ஊரில் எந்தெந்த மருத்துவமனைகளில் அது செல்லும் என்பதை நோய் வருவதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது, கட்டணம் இல்லை.

எனக்கு அலுவலகத்தில் 61 நாள் சம்பளம் போனது, நகை இன்னும் முழுதாக மீளவில்லை. அம்மா நன்றாக இருக்கிறார், ஆனால் மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டார். அந்த ஐந்து மாதங்களில் பெரும்பாலானவை அவருக்கு நினைவில்லை. கைகள் கட்டப்பட்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. 31 ஆண்டுகள் மணிக்கட்டில் கடிகாரம் இல்லாமல் வகுப்புக்குள் நுழையாதவர், இப்போது அதைக் கட்டிக்கொள்ளமாட்டேன் என்கிறார். வெளியே கிளம்பும்போது கைப்பையில் வைத்துக்கொள்கிறார், மணி பார்க்க வேண்டியிருந்தால் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்துவிடுகிறார்.